முற்றம் தாண்டியவர்கள் – 6: கப்பலில் வந்த டொக்டரம்மா

சென்ற அத்தியாயத்தை மானிப்பாயில் நிறுத்தியிருந்தோம். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் அங்கே ஆஸ்பத்திரி நடத்தினார்; ஊர் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மேலை வைத்தியம் படிப்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அத்தனை செய்தவராலும் ஒரு வாசலைத் தாண்ட முடியவில்லை. பிள்ளைப்பேறு நடக்கும் அறையின் வாசல் அது. அவரிடம் படித்து வெளியேறியவர்களும் ஆண்களே. பெண்ணின் நோய் பெண்ணிடம் மட்டுமே பேசப்பட்ட காலத்தில் இது பெரிய குறை. அந்தக் குறையோடுதான் 1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார்.

அதே 1873, ஜூன் 2ஆம் திகதி, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் மேரி ஹெலன் இர்வின். பின்னாளில் இலங்கை அவரை டொக்டர் மேரி ரட்ணம் என்று அறிந்தது.

கொழும்பில் வாழ்ந்த ஒரு கனடாக்காரியின் கதை எங்கள் மட்டக்களப்புக் கரையிலுள்ள மாங்கேணிக்கு எதற்கு என்று கேட்கலாம். வாழைச்சேனையிலிருந்து காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி என்று வெருகல் வரை போய்ப் பாருங்கள். பெண்கள் கூடிக் கணக்குப் பார்க்கும் ஒரு சங்கம் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஊர்ப் பெண்கள் தாங்களே கூடி, தங்களுக்குள் ஒருத்தியைத் தலைவியாக்கி, சொந்தப் பிரச்சினையைச் சொந்த வாயால் பேசலாம் என்ற வழக்கத்தை இந்த நாட்டுக் கிராமங்களில் முதலில் ஊன்ற முயன்றவர்களில் முன்னால் நிற்பவர் இந்த அம்மா. ஆகவே இது நம் கதையும்தான்.

படிக்க இடம் கொடுக்காத நாடு

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கனடாவில் ஒரு பெண் டொக்டராவது லேசான காரியமல்ல. எமிலி ஸ்டோ என்ற பெண்ணுக்குச் சொந்த நாட்டு மருத்துவக் கல்லூரி இடம் தர மறுத்தது. அவர் நியூயோர்க்குக்குப் போய்ப் படித்து வந்து, உரிமம் கிடைக்காமலே ரொறொன்ரோவில் ஆண்டுக்கணக்காக வைத்தியம் பார்த்தார். அவரைப் போன்றவர்களின் பிடிவாதத்தால் 1883இல் ரொறொன்ரோவில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவக் கல்லூரி எழுந்தது. மேரி இர்வின் அங்கே படித்தவர். தன் ஊரில் ஆஸ்பத்திரி வைத்துச் சுகமாக இருந்திருக்கலாம். 23 வயதில் அவர் தேர்ந்தெடுத்தது கடல் கடந்த பணி.

அந்நாளில் மிஷன் சபைகள் பெண் டொக்டர்களைத் தேடி அலைந்தன. காரணம் நம் பக்கத்தில்தான் இருந்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க இளம்பெண்ணிடம் வந்து தங்கள் மனைவியரின் பேற்று வலிக்கு உதவி கேட்டார்கள். அவர் மருத்துவம் படித்தவர் அல்ல. டொக்டரான தன் தகப்பனை அழைத்துப் போகச் சொன்னார். ஆண் டொக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகே ஐடா மருத்துவம் படித்தார். வேலூர் மருத்துவமனை அப்படித்தான் பிறந்தது.

யாழ்ப்பாணத்திலும் அதே நெருக்கடிதான். லீச் சகோதரிகள் என்று அறியப்பட்ட மேரியும் மார்கரெட்டும் பெண்களுக்கான ஓர் ஆஸ்பத்திரிக்காக அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பணம் திரட்டினார்கள். இணுவிலில் மக்லியொட் மருத்துவமனை 1898இல் திறந்தது அந்தப் பணத்தில்தான். யாழ்ப்பாணப் பணிக்கென்று அமெரிக்க மிஷன் சபை 1896இல் தெரிந்தெடுத்த டொக்டர்களில் ஒருவர் மேரி இர்வின்.

கலியாணமும் கைவிட்ட மிஷனும்

வழியில் நியூயோர்க்கில் ஒரு சந்திப்பு நடந்தது. பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர் சாமுவேல் கிறிஸ்மஸ் கனக ரட்ணம். இருவருக்கும் மனம் ஒத்துப்போயிற்று, திருமணமும் நடந்தது.

இன்றைக்குக் கனடாவில் ஒரு யாழ்ப்பாணப் பொடியனும் கனடியப் பெண்ணும் கைகோத்துப் போனால் திரும்பிப் பார்க்கவும் ஆள் இல்லை. 1890களில் நிலைமை வேறு. ஆட்சி செய்யும் நிறத்தைச் சேர்ந்தவள் ஆளப்படும் நிறத்தைச் சேர்ந்தவனை மணப்பதை வெள்ளைச் சமூகம் தாங்கிக்கொள்ளவில்லை. எல்லாரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்று போதித்த மிஷனாருக்கும் அது செரிக்கவில்லை. எந்தப் பணிக்காகக் கடல் தாண்டினாரோ அந்தப் பணி கைநழுவிப்போயிற்று.

இலங்கைக்கு வந்தும் வந்த வேலை இல்லை. ஊர் புதிது, மொழி புதிது. பின்னால் நிற்க வேண்டிய சபை முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டது. பெரும்பாலானோர் அடுத்த கப்பலைப் பார்த்திருப்பார்கள். மேரி பார்க்கவில்லை. கொழும்பில் பெண்களுக்கென இயங்கிய லேடி ஹவ்லொக் அரசாங்க மருத்துவமனையில் சிறிது காலம் வேலை செய்தார். பிறகு அதையும் விட்டுத் தனியாகச் சிகிச்சை பார்க்கத் தொடங்கினார். அந்தத் தொழில் பல பத்தாண்டுகள் நீண்டது.

அவர் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். ஒரு பெரிய இடம் அவருக்கு மறுக்கப்படும். அதற்குப் பக்கத்திலேயே சிறிய இடம் ஒன்றில் வேலையைத் தொடங்கிவிடுவார். அவருடைய சாகசம் கடற்பயணத்தோடு முடிந்திருந்தால் நாம் இன்று பேச ஒன்றும் இருந்திராது.

திரைக்கு அப்பால்

கொழும்பிலும் அந்நாளில் வசதியான வீட்டுப் பெண்ணுக்கு வயிற்றில் நோ என்றால் பாடு பெரிய பாடு. ஆண் டொக்டர் வருவார். விறாந்தையில் கதிரை போட்டு இருத்துவார்கள். நோயாளி உள்ளே; நடுவில் திரைச்சீலை. டொக்டர் கேட்கும் கேள்வியைக் கணவனோ மாமியாரோ உள்ளே கொண்டுபோய், பதிலை வெளியே கொண்டுவருவார்கள். வெட்கப்பட்டுப் பாதியை நோயாளி விழுங்குவாள். மீதியில் பாதியை மாமியார் விழுங்குவார். எஞ்சியதைக் கேட்டு டொக்டர் மருந்து எழுத வேண்டும். கைநாடி பிடிக்கக் கிடைத்தாலே பெரிய காரியம்.

சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு ஒரு பெண் டொக்டர் அந்தத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறார் என்றால், அந்த வீட்டில் என்ன மாறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பெண் முதன்முறையாகத் தன் நோயைத் தானே சொன்னாள். முஸ்லிம் வீடுகளில், மலாய் வீடுகளில், பழைமை பேணிய சிங்கள, தமிழ் வீடுகளில் அவருக்குக் கதவு திறந்தது இதனால்தான்.

இலங்கை மருத்துவக் கல்லூரி 1892இல்தான் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்துத் தேறிய முதற் பெண்களில் அலிஸ் டி பூர், வினிபிரெட் நெல் போன்ற பறங்கியர் குடும்பத்துப் பெண்கள் இருந்தார்கள். மேரி ரட்ணம் தொழிலில் கால் வைத்தபோது முழு நாட்டுக்கும் பெண் டொக்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நோய் பார்க்கப் போன இடங்களில் அவர் கண்டது நோயை மட்டுமல்ல. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு மறைக்கப்பட்ட பெண்பிள்ளைகளைக் கண்டார். ஆண்டுக்கொரு பேற்றில் உடம்பு உருக்குலைந்த தாய்மாரைக் கண்டார். கைக்காசு என்று ஒரு சதமும் இல்லாத பெரிய வீட்டு அம்மாமாரைக் கண்டார். மருந்துக் குப்பியில் இதற்கு மருந்து இல்லை என்பது விளங்க அவருக்கு அதிக காலம் ஆகவில்லை. 1904இல் இலங்கைப் பெண்கள் ஒன்றியம் உருவானபோது அதன் முன்னணியில் அவர் இருந்தார். சுகாதாரம், குழந்தை வளர்ப்பு, தையல் என்று வகுப்புகள் நடந்தன. 1909இல் தமிழ்ப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். தமிழ் இசையையும் நடனத்தையும் கொழும்பில் கற்பித்துவரும் கலாலயம் அந்தச் சங்கத்தின் கிளை. கனடாவில் பிறந்த ஒருவர் தமிழ்ப் பெண்கள் சங்கத்தின் தொடக்கத்தில் நின்றதை அன்று எத்தனை பேர் ஆச்சரியமாகப் பார்த்தார்களோ! புகுந்த வீட்டு மொழியும் வழக்கமும் அவருக்குச் சொந்தமாகிவிட்டன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வாக்கு

1927 நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அரசியலமைப்பை மாற்ற விசாரணை. அதுவரை வாக்குரிமை சொத்தும் கல்வியும் உள்ள ஆண்களில் ஒரு சிறு பங்கினருக்கே இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் கூடியது. அக்னெஸ் டி சில்வா செயலாளர். மேரி ரட்ணம் அதன் தூண்களில் ஒருவர். சங்கத்துப் பெண்கள் ஆணைக்குழுவின் முன் நேரே போய் வாதாடினார்கள்.

ஆணைக்குழு ஒரு கேள்வி கேட்டது: தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா? நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்ற பொருளில் அக்னெஸ் டி சில்வா பதில் சொன்னார். படித்த, வசதியான கொழும்புப் பெண்கள் தங்களுக்கு மட்டும் ஒரு சலுகை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை என்பதை வரலாறு அவர்கள் கணக்கில் எழுத வேண்டும்.

எதிர்ப்பும் பலமானதுதான். சுன்னாகத்தில் பெண்களுக்கென்று 1913இல் பெரிய கல்லூரி கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதனே பெண்களுக்கு வாக்குக் கொடுப்பதைக் கடுமையாக எதிர்த்தார். பெண் படிக்கலாம், பாடலாம், வீட்டை நடத்தலாம். நாட்டை நடத்துவோரைத் தெரிவு செய்வது மட்டும் ஆகாது!

பெண்களுக்கு 30 வயதிலிருந்து வாக்கு என்று ஆணைக்குழு பரிந்துரைத்தது. முடிவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது, 21 என்றாயிற்று. 1931 ஜூனில் நடந்த அரசாங்க சபைத் தேர்தலில் இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள். பிரான்ஸ் நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1944இல். மேரி பிறந்த ஒன்ராறியோவுக்குப் பக்கத்து மாகாணமான கியூபெக்கில் பெண்கள் மாகாணத் தேர்தலில் வாக்களிக்க 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் கனடாவை விட்டுப் புறப்பட்டபோது ஒன்ராறியோப் பெண்களுக்கே வாக்கு இல்லை. 58 வயதில், புகுந்த நாட்டில், அவருக்கு அது கிடைத்தது.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் இதற்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. இங்கே குடி தாய்வழியாக வருகிறது. மகளுக்குக் கலியாணம் என்றால் வீடும் வளவும் அவள் பெயரில். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். முக்குவர் சட்டம் என்று தனிச் சொத்துச் சட்டமே முன்பு இருந்தது. 1876ஆம் ஆண்டின் விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதை ஓரங்கட்டியது. வழக்கம் மட்டும் அழியவில்லை. சொத்து இருந்தால் பெண்ணுக்கு எல்லாம் வந்துவிடும் என்று சொல்பவர்கள் இந்த ஊரைப் பார்க்க வேண்டும். வீடு அவளுடையது. ஆனால் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ஆண். வயலை ஆளும் போடியார் ஆண். ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசுபவர் ஆண். வளவுக்கு உறுதி இருந்தது. வாய்க்கு உறுதி இல்லை. போடியாருக்கும் ஒரு வாக்கு, அவர் வயலில் களை பிடுங்கியவளுக்கும் ஒரு வாக்கு என்று 1931 சொன்னது. அந்தச் சமன்பாட்டைத் தாய்வழிக் குடியும் தந்திருக்கவில்லை.

பாலில் விழுந்த ஈ

வாக்கு வந்துவிட்டது. ஆனால் கிராமத்துப் பெண் அதை வைத்து என்ன செய்வாள்? கணவன் காட்டிய நிறப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வருவாளா? (அந்நாளில் வேட்பாளருக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு பெட்டி.) இந்தக் கேள்விக்கு மேரி ரட்ணம் தேடிய விடை அவர் பிறந்த மாகாணத்திலேயே இருந்தது.

ஒன்ராறியோவில் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாய் 1889இல் தன் ஆண் குழந்தையைப் பறிகொடுத்தார். காரணம் அசுத்தமான பால். மூடாத பாத்திரத்தில் ஈ மொய்க்கக் கொண்டுவரப்பட்ட பால் அந்நாளில் வீட்டுக்கு வீடு போயிற்று. கொதிக்க வைத்துக் கொடுக்க வேண்டும் என்ற ஒரு சின்ன அறிவு கிடைத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும். அழுது ஓய்ந்ததும் அவர் ஊர் ஊராகப் பேசத் தொடங்கினார். பயிருக்கும் மாட்டுக்கும் ஆலோசனை சொல்ல ஆண்களுக்குக் கமக்காரர் சங்கம் இருக்கிறது, பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டார். 1897 பெப்ரவரியில் ஸ்ரோனி கிறீக் என்ற சிற்றூரில் 101 பெண்கள் கூடி முதல் பெண்கள் நிலையத்தை அமைத்தார்கள். 1915இல் அந்த வழக்கம் பிரித்தானியாவுக்குப் போய் வேல்ஸில் வேர் பிடித்தது. வங்காளத்தில் சரோஜ் நளினி தத் தம் வழியில் ஊர்ப் பெண்களுக்கான மகிளா சமிதிகளைத் தொடங்கினார்.

கனடாவுக்குப் போய் இந்த அமைப்புகள் நடக்கும் விதத்தைப் பார்த்து வந்த மேரி ரட்ணம், 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 57 வயது. அரசாங்க உத்தியோகத்தர் அந்த வயதில் பென்ஷன் எடுத்துக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருப்பார்.

சமிதி எப்படி இயங்கியது? கட்சி இல்லை, மதம், இனம் பார்ப்பதில்லை. ஊர்ப் பெண்களே அங்கத்தவர். தலைவி, செயலாளர், பொருளாளர் அவர்களுக்குள்ளேயே தெரிவு. மாதம் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதாவது ஒன்றைச் செய்து காட்டுவார்கள். பிள்ளைக்குப் பால் கொதிக்க வைப்பது, மலசலகூடக் குழி வெட்டுவது, வீட்டுத்தோட்டம், கோழி வளர்ப்பு, நெசவு, சிறு சேமிப்பு. நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களில் சமிதிகள் பரவின. கடுவெலையில் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி நிலையமும் வந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றினால் அந்தக் காலத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும். 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். 1935இல் பிறந்த ஒவ்வோர் 1,000 குழந்தைகளிலும் 263 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. நாலு பிள்ளைக்கு ஒன்று! 1960இல் அந்த எண்ணிக்கை 57 ஆக இறங்கியிருந்தது. மலேரியா ஒழிப்பு, இலவச ஆஸ்பத்திரி, ஊர் ஊராகப் போன மருத்துவமாதுகள், பெண் கல்வி என்று அதற்குப் பல காரணம் உண்டு. ஆனால் மருத்துவமாது சொல்வதை நம்பிக் கேட்கும் ஒரு தாய் வீட்டுக்குள் இருந்தால்தான் அது பலிக்கும். அந்தத் தாயை உருவாக்குவதே சமிதியின் வேலை.

சமையலும் தையலும் சொல்லிக்கொடுத்துப் பெண்ணை அடுப்படியிலேயே இருத்திவிட்டார்கள் என்று பின்வந்தவர்கள் குறை சொன்னதுண்டு. தலைமையில் இருந்தவர்கள் பெரும்பாலும் கொழும்பின் மேட்டுக்குடிப் பெண்கள் என்பதும் உண்மை. இரண்டையும் மறுக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு கூட்டம் நடத்தத் தெரிந்த பெண், அந்தக் கூட்டத்தில் எதைப் பேசுவது என்பதை நாளைக்குத் தானே தீர்மானிப்பாள். தையல் படிக்க வந்தவள் கூட்டறிக்கை எழுதப் படித்துக்கொண்டு போனாள்.

மாங்கேணியின் கணக்குப் புத்தகம்

கிராம அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் இன்று நம் ஊர்களில் இயங்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் மகிளா சமிதியின் கிளைகள் அல்ல. அவை அரசாங்கம் போட்ட வேறு பாதையில் வந்தவை. ஆனால் நடைமுறையைப் பார்த்தால் உறவு தெரியும்.

பின்னேரம் நாலு மணி. கடற்காற்று ஏறும் நேரம். பொதுக் கட்டடத்தில் பாய் விரித்திருக்கும். கஜுத் தோட்டத்து வேலை முடித்தவர்கள், கருவாடு காயப்போட்டுவிட்டு வந்தவர்கள், கைப்பிள்ளைக்காரிகள் என்று ஒவ்வொருவராக வந்து இருப்பார்கள். செயலாளர் போன கூட்டத்து அறிக்கையை ஒரே மூச்சில் வாசிப்பார். பொருளாளர் நீளமான சீ.ஆர். கொப்பியைப் பிரிப்பார். சந்தா, கடன், வட்டி, கையிருப்பு.

"தலைவியக்கா, மகளுக்கு ஓ.எல். சோதினை வருகுது. கொஞ்சம் கடன் எடுக்கலாமா?"

"போன கடன் கட்டி முடிஞ்சுதா மனே?"

"இன்னும் ரெண்டு மாசக் காசு இருக்கு."

"சரி, சபையைக் கேப்பம்."

'சபையைக் கேப்பம்' என்று சொல்கிறாரே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. கொடுப்பதா இல்லையா என்பதைத் தலைவி முடிவு செய்யவில்லை. கூட்டம் முடிவு செய்யும். கை உயரும், கொப்பியில் ஏறும், கையொப்பம் விழும்.

போர் நடந்த ஆண்டுகளையும் 2004 டிசம்பர் 26ஐயும் 2006இல் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதையும் இந்தக் கரைப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆண் துணையை இழந்து தனியாகக் குடும்பம் சுமக்கும் பெண்கள் இங்கே வீதிக்கு வீதி இருக்கிறார்கள். நிவாரணப் பட்டியலில் யார் பெயர் விடுபட்டது, எந்த வளவில் கிணறு உப்பாய்ப் போயிற்று, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்டது என்று அறிந்து வைத்திருப்பது இந்தப் பாயில் இருப்பவர்கள்தான். பிரதேச செயலகத்துக்கு மனுக் கொண்டுபோகும் கையும் அவர்களுடையதே.

ஆறு பத்துக்குப் பின் அரசியல்

மறுபடி கொழும்புக்கு. 1937இல் கொழும்பு மாநகரசபைத் தேர்தல். பம்பலப்பிட்டி வட்டாரத்தில் நின்று மேரி ரட்ணம் வென்றார். 1865இல் ஏற்பட்ட அந்தச் சபைக்கு மக்கள் தெரிந்தெடுத்து அனுப்பிய முதல் பெண் அவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆனால் ஒரு சட்ட நுணுக்கத்தைக் காட்டிச் சிறிது காலத்திலேயே அந்த இடத்தைப் பறித்துவிட்டார்கள். மிஷன் கைவிட்டபோது என்ன செய்தாரோ அதையே இப்போதும் செய்தார். போனது போகட்டும் என்று சமிதி வேலைக்குத் திரும்பினார்.

அதே 1937இல் கொழும்பில் குடும்பக்கட்டுப்பாட்டு ஆலோசனை நிலையம் ஒன்றையும் திறந்தார். அந்தச் சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்ட காலம். எதிர்ப்பு மத மேடைகளிலிருந்தும் வந்தது, மரியாதைக்குரிய வீடுகளிலிருந்தும் வந்தது. நிலையம் நெடுநாள் நிலைக்கவில்லை. இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் 1953இல்தான் உருவாயிற்று. ஆண்டுக்கொரு பேற்றால் உருக்குலைந்த தாய்மாரைத் திரைக்கு அப்பால் போய்க் கண்ணால் கண்ட டொக்டர், யார் என்ன சொன்னாலும் ஒருநாள் இதைத் தொட்டே இருப்பார்.

1944இல் அகில இலங்கைப் பெண்கள் மாநாடு என்ற அமைப்பு உருவானபோதும் அவர் அங்கே இருந்தார். 1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. அடுத்த ஆண்டே மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் வாக்குரிமையை இழந்தார்கள். அவர்களும் பெண்கள்தானே என்று சொல்லி வாங்கிய வாக்கு, அந்தப் பெண்களிடமிருந்தே முதலில் பிடுங்கப்பட்டது. வாங்கிய உரிமையைக் காவல் காக்கவும் சங்கம் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் கிடையாது.

கிராமப் பெண்களின் உலகச் சம்மேளனம் 1957இல் கொழும்பில் தன் மாநாட்டை நடத்தியது. ஒன்ராறியோவின் ஒரு சிற்றூரில் 101 பெண்களோடு தொடங்கியது அறுபது ஆண்டில் ஆசியாவுக்கு வந்து கூடியதை, இரண்டு கரைக்கும் சொந்தக்காரியான மேரி ரட்ணம் 84 வயதில் கண்டார்.

அடுத்த ஆண்டு, 1958, நல்லதும் கெட்டதும் கலந்த ஆண்டு. மே மாதத்தில் இனக்கலவரம் நாட்டைக் குலுக்கியது. தமிழர் வீடுகள் எரிந்தன. அகதிகளைக் கப்பலேற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். இனம் பார்க்காத சங்கங்களைக் கட்டுவதில் அரை நூற்றாண்டைச் செலவிட்ட ஒரு தமிழரின் விதவை அதைக் கொழும்பில் இருந்து பார்க்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் பொதுப்பணிக்கான ரமோன் மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. சமூகத் தலைமைக்கான விருது அவ்வாண்டு வினோபா பாவேக்குப் போயிற்று. தனிக் குடிமகளாக இலங்கை மக்களுக்குச் செய்த வாழ்நாள் சேவைக்கே தமது கௌரவம் என்று மக்சேசே நிறுவனம் குறிப்பிட்டது. பதவிகள் எல்லாம் கைநழுவிய வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் காட்டியிருக்க முடியாது.

1962இல், தொண்ணூறை நெருங்கும் வயதில், அவர் காலமானார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1993இல், பெண்ணிய ஆய்வாளர் குமாரி ஜயவர்தன அவரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதற்குள் அவரை அறிந்த தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டிருந்தது. தமிழில் அவரைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது இன்றும் சொற்பம்.

ஏன் மறந்தோம்? கட்சி ஒன்றை விட்டுப் போகவில்லை; வாரிசு அரசியல் இல்லை; ஊர்வலத்தில் தூக்கப் படமும் இல்லை. தமிழர் வரலாறு எழுதியவர்களுக்கு அவர் வெள்ளைக்காரி. வெள்ளைக்காரர் வரலாற்றில் அவர் தமிழனைக் கட்டியவள். சிங்களக் கிராமங்களில் அவர் ஊன்றிய சமிதிகள் ஆளின் பெயரைச் சுமக்கும்படி அமைக்கப்பட்டவை அல்ல. தன் பெயர் இல்லாமலும் நடக்கும்படி ஒன்றைக் கட்டுகிறவருக்கு நேரக்கூடிய மறதிதான் இது. அவரே அதைப் பெரிய இழப்பாக நினைத்திருக்க மாட்டார். இழப்பு நமக்கு. எந்தச் சங்கமும் அரசாங்கச் சுற்றறிக்கையில் மட்டும் பிறந்துவிடவில்லை, யாரோ ஒருத்தி வேலையை இழந்தும் ஊரை விட்டுப் போகாமல் நின்றதால் பிறந்தது என்று தெரிந்தால், அடுத்த முறை பொருளாளர் பதவியை ஏற்க ஆள் இல்லாமல் கூட்டம் முழிக்கும்போது இன்னும் ஒரு கை உயரும்.

பெண்களுக்கு வாக்கு வந்து ஓராண்டு ஆகும்போது, தேர்தல் மனு ஒன்றினால் ஒரு தமிழ் டொக்டர் தன் அரசாங்க சபை ஆசனத்தை இழந்தார். அந்த வெற்றிடத்துக்கு அவர் மனைவி போட்டியிட்டார். கொழும்பு வடக்கில் 1932இல் நடந்த அந்த இடைத்தேர்தலையும் நேசம் சரவணமுத்துவையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)